இலை சிவந்த நட்சத்திர மல்லிகை: குளிர்காலத்தைத் தாண்ட அதற்கு என்ன வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இரண்டு நட்சத்திர மல்லிகைக் கொடிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டுச் சுவரோரம் தரையில் நட்டு மூன்று ஆண்டுகள் ஆனது. மற்றொன்று பால்கனியில் தொட்டியில் வளர்கிறது. குளிர் இறங்கியதிலிருந்து இரண்டிலும் இலைகள் செம்பு நிறத்துக்கு மாறிவிட்டன. தொட்டிக் கொடியில் நாள்தோறும் நாலைந்து இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் வைக்கலாமா, வெட்டிவிடலாமா, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடலாமா, வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்குக்கும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்வி விடுபட்டுப்போகும். கொடி பிழைப்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சொல்கிறேன். பசுமை மாறாத கொடிகளைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறேன். நான் இழந்தவற்றில் உறைபனி கொன்றவற்றைவிடத் தாகம் கொன்றவையே அதிகம். பனி படர்ந்த தோட்டத்தைப் பார்க்கும்போது யாருக்கும் தாகம் நினைவுக்கு வருவதில்லை. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு. அது நோய் அல்ல. குளிரில் இலைக்குள் நடக்கும் வேலைகள் மந்தமாகிவிடுகின்றன. ஆனால் வெயில் மட்டும் வழக்கம்போல் இலைமேல் விழுந்துகொண்டே இருக்கிறது. வந்து சேரும் ஒளியை உணவாக மாற்ற முடியாதபோது அந்த மிச்ச ஒளியே இலைக்குத் தீங்காகிறது. அதைத் தடுக்க இலை தன் மேற்பரப்பில் ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெயில் படும் இலை ஒன்றின்மேல் இன்னொரு இலை பாதி மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். மேல் இலையை விலக்கினால், மறைந்திருந்த பகுதி பச்சையாகவும் வெயில் பட்ட பகுதி சிவப்பாகவும் பெரும்பாலும் இருக்கும். வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் அதே இலைகள் மறுபடி பச்சையாகும். இந்தச் செம்பு நிறத்துக்காகவே இக்கொடியை விரும்பி வளர்ப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஒரே ஒரு எச்சரிக்கை: வசந்தம் முடிந்து நல்ல வெப்பம் வந்த பிறகும் இலைகள் சிவப்பாகவே நின்றால், அது சத்துக் குறைவாகவோ வேர்கள் தொட்டியில் நெருங்கிப்போனதாகவோ இருக்கலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்; இப்போது அல்ல.

அடுத்து உதிர்வு. பசுமை மாறாத கொடி என்றால் ஒவ்வொரு இலையும் காலம் முழுக்க நிற்கும் என்று பொருள் அல்ல. எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் உதிராது என்பதுதான் பொருள். பழைய இலைகள் தங்கள் காலம் முடிந்து பழுத்து விழும்; புதியவை நிற்கும். ஆகவே எத்தனை விழுகின்றன என்பதைவிட, எவை விழுகின்றன, எப்படி விழுகின்றன என்று பாருங்கள். கொடியின் அடிப்பகுதியிலும் உள்பக்கத்திலும் உள்ள பழைய இலைகள் முழுதாக மஞ்சளாகி விழுந்தால் கவலை இல்லை. இலை கொடியிலேயே ஒட்டியிருக்க, அதன் விளிம்பு மட்டும் பழுப்பாகிக் காய்ந்து, அதுவும் காற்று வீசும் பக்கத்தில் அதிகமாக இருந்தால், அது தாகம். நுனித் துளிர்கள் கறுத்துத் துவண்டு தொங்கினால், அது உறைபனி. மேலும் கீழும் என்று பாராமல் எங்கும் மஞ்சள் பரவி, மண் நாள்கணக்கில் ஈரமாகவே இருந்து, தொட்டியை முகர்ந்தால் அழுகல் வாடை வந்தால், வேர் மூச்சுமுட்டி அழுகிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கில் உங்கள் தொட்டிக்கொடி எதில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு கை வையுங்கள். நீங்கள் சொல்லும் அளவில், அநேகமாக முதல் வகை.

இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது உண்மையில் நட்சத்திர மல்லிகைதானா? பெயரில் மல்லிகை இருந்தாலும் இது மல்லிகை இனமே அல்ல. தாவரவியல் பெயர் டிராக்கிலோஸ்பெர்மம் ஜாஸ்மினாய்டிஸ். அரளியும் நந்தியாவட்டையும் சேர்ந்த குடும்பம். சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம் பகுதிகளைச் சேர்ந்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவர சேகரிப்பாளர் 1844-இல் ஷாங்காயிலிருந்து இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ரிங்கோஸ்பெர்மம் என்ற பழைய பெயரிலும் இன்னும் விற்கிறார்கள். அடையாளம் எளிது. இலைகள் தோல் போலத் தடித்து, பளபளப்பாக, தனி இலைகளாகக் கணுவுக்கு இரண்டு எதிரெதிரே இருக்கும். ஓர் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பால் வராமல், ஒரு காம்பில் ஐந்து ஏழு சிற்றிலைகள் இருந்து, மொட்டுகள் இளஞ்சிவப்பாக வந்திருந்தால், அது ஜாஸ்மினம் பாலியாந்தம் என்ற உண்மை மல்லிகை. அது குளிருக்கு மிகவும் மெலிந்தது. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி வளையக் கம்பியில் சுற்றப்பட்டு நிற்பவை என்பதால் குழப்பம் நிறைய. ஒன்றுக்கான ஆலோசனையை இன்னொன்றுக்குச் செய்தால் பிழைக்க வேண்டியது போய்விடும்.

நட்சத்திர மல்லிகை எவ்வளவு குளிர் தாங்கும்? பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி இதை எச் 4 என்ற வகையில் வைத்திருக்கிறது. மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்காலத்தைத் தாங்கும் செடிகளுக்கான வகை அது. ஆனால் இந்த எண் தரையில் வேர் ஊன்றி, காற்று மறைவில் நிற்கும் வளர்ந்த கொடிக்குப் பொருந்தும். தொட்டியில் இருப்பதற்கும் நட்ட முதல் ஆண்டில் இருப்பதற்கும் அப்படியே பொருந்தாது.

இனி தாகத்துக்கு வருகிறேன். இலையுதிர் கொடிகள் குளிர் வந்ததும் இலைகளைக் கொட்டிவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. பசுமை மாறாத கொடிக்கு அந்த வசதி இல்லை. நூற்றுக்கணக்கான இலைகளோடு குளிர்காலம் முழுவதும் நிற்கிறது. வெயில் அடிக்கும்போதும் காற்று வீசும்போதும் அந்த இலைகளிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இழந்த நீரை வேர் ஈடுகட்ட வேண்டும். மண் உறைந்திருந்தால் முடியாது. சுற்றிலும் நீர் இருக்கிறது, ஆனால் பனிக்கட்டியாக இருக்கிறது. அதை வேரால் உறிஞ்ச முடியாது. நல்ல வெயில், உலர்ந்த காற்று, உறைந்த மண் மூன்றும் சேரும் நாள்தான் கொடிக்கு மிகக் கொடிய நாள். நமக்கோ அது அழகான குளிர்கால நாளாகத் தெரியும்.

இதை நான் ஒரு கொடியை இழந்துதான் கற்றேன். ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்த தொட்டிக்கொடி அது. கடுங்குளிர் வருகிறது என்றதும் மேலே கொடியை மட்டும் துணியால் நன்றாகப் போர்த்திவிட்டேன். தொட்டியைச் சிமெண்ட் தரையில் அப்படியே விட்டேன். குளிர்காலத்தில் செடி தூங்குகிறது, தண்ணீர் வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஏழெட்டு வாரங்கள் தண்ணீரும் ஊற்றவில்லை. வருத்தம் என்னவென்றால், இலைகள் கடைசிவரை பச்சையாகவே இருந்தன. தடித்த இலை வாட்டத்தை உடனே காட்டாது. குளிர் விலகி இரண்டு வாரம் கழித்துத்தான் ஒட்டுமொத்தமாகச் சுருண்டு பழுப்பாயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்க்கட்டு சுட்ட செங்கல்போல் உலர்ந்து கிடந்தது. மேலே போர்த்திய துணி நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. காக்க வேண்டிய இடம் கீழே இருந்தது.

அதனால் தண்ணீர் விஷயத்தில் நான் இப்போது செய்வது இது. உறைபனி வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு சொன்னால், அதற்கு ஓரிரு நாள் முன்பாகவே, மண் இன்னும் இளகியிருக்கும்போது, ஆழமாக நனைய ஊற்றிவிடுகிறேன். ஈர மண் உலர்ந்த மண்ணைவிட மெதுவாகக் குளிரும் என்ற கூடுதல் பலனும் உண்டு. அதன்பிறகு தொட்டியில் விரலை விட்டுப் பார்ப்பேன். மேலே 3, 4 சென்டிமீட்டர் ஆழம் உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இதைவிட நல்ல வழி தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்ப்பது. நனைந்த தொட்டியின் கனம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் விரல்கூட வேண்டாம். ஊற்றுவது முற்பகலில், வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறிய பிறகு. மாலையில் ஊற்றினால் இரவில் உறையும். தொட்டி முழுதும் உறைந்து கட்டியாகி இருக்கும் நாளில் ஊற்றிப் பயனில்லை, இளகும்வரை காத்திருங்கள். வெந்நீர் ஊற்றி இளக்க முயல வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். கோடையின் அளவில் ஊற்றினால் குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் குளிர்காலம் முடியும்வரை எடுத்துவிடுங்கள்.

தரையில் இருக்கும் கொடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரோரம் நட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சுவரடி மண் ஏமாற்றக்கூடியது. கூரையின் நீட்சி மழையைத் தடுக்கும். சுவர் மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் மழை பெய்த பிறகும் சுவரிலிருந்து ஓர் அடிக்குள் தோண்டினால் புழுதி வரும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சிறு கரண்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மூடாக்கு போடுங்கள்: மக்கிய இலைச்சருகு, மரப்பட்டைத் துண்டு, மக்கிய உரம் எதுவானாலும் சரி, 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு. தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுவிடுங்கள். தண்டோடு ஈர மூடாக்கு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

தொட்டிக் கொடிக்குத்தான் அதிக வேலை. பொதுவாக இத்தகைய செடிகளில் தண்டைவிட வேர் குளிருக்கு மெலிந்தது. தரைக்குள் அது பிரச்சினை இல்லை. மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும் ஓரடி ஆழத்தில் மண் மெதுவாகவே குளிரும். தொட்டியிலோ நான்கு பக்கமும் காற்று. மைனஸ் 8 டிகிரியைத் தாங்கும் கொடியின் வேர்கள், தொட்டிச் சுவரை ஒட்டி ஓடும்போது அதே மைனஸ் 8-ஐ நேராகச் சந்திக்கின்றன. நல்ல வேர்களில் பெரும்பாலானவை தொட்டி ஓரத்தில்தான் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே தொட்டியை வீட்டுச் சுவரோடு ஒட்டி நகர்த்துங்கள். சுவரிலிருந்து கசியும் வெப்பம் சிறிதளவுதான், ஆனாலும் இரவில் அது கணக்கில் வரும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு மரத்துண்டுகளின் மேல் ஏற்றி வையுங்கள். அடித்துளைகளில் நீர் தேங்கி உறையாமல் வடியும். பிறகு தொட்டியின் பக்கங்களைச் சணல் சாக்கு, பழைய கம்பளி, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றிவரும் காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் என்று கிடைத்ததைக் கொண்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அடித்துளையை மட்டும் மறைக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை வேறு: தொட்டியை அதைவிடப் பெரிய, அடியில் துளையுள்ள பெட்டியிலோ தொட்டியிலோ இறக்கி, இடைவெளியில் உலர்ந்த சருகை இறுக்கி அடைப்பது. சாக்கு நனைந்தால் பாதி வலு போய்விடும். சருகு அவ்வளவு எளிதில் முழுதும் நனையாது. தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாக இருந்தால் இந்தக் காப்பு தொட்டிக்கும் சேர்த்துத்தான். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. ஈரம் ஊறிய மண்தொட்டி அந்த விரிவைத் தாங்காமல் ஒரே இரவில் பிளந்துவிடும்.

பால்கனி என்றால் காற்றையும் பேச வேண்டும். உயரத்தில் காற்று கடுமையாக இருக்கும், அது இலைகளை உலர்த்தும் வேகத்துக்கு எந்த வேரும் ஈடுகொடுக்காது. பலர் உடனே பலகையையோ கெட்டித் தாளையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். கெட்டித் தடுப்பில் மோதிய காற்று மேலேறிக் கடந்து, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடியை உலுக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் வலை அல்லது சாக்குத் துணிதான் காற்றை உண்மையாகத் தணிக்கும். கைப்பிடிக் கம்பியில் அதைக் கட்டிவிடுங்கள். நீண்டு தொங்கும் கொப்புகளைக் கொழுகொம்போடு தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். காற்றில் உரசி உரசித் தண்டில் பட்டை உரிந்தால் அந்தப் புண் வழியாக அடுத்த தொல்லை வரும். கட்டும் நூல் தண்டுக்குள் பதியாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

பிளாஸ்டிக் தாள் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். அது மூச்சுவிடாது. பகலில் வெயில் பட்டால் உள்ளே வெப்பம் ஏறி, நீர் ஆவியாகி, தாளின் உட்புறத்தில் படியும். இரவில் அது உறைந்து, தாள் தொடும் இலைகளை எல்லாம் கருக்கும். அதைவிட மோசமானது, பகல் வெப்பத்தில் செடி வசந்தம் வந்துவிட்டது என்று எண்ணித் துளிர்விடத் தொடங்குவது. மூட வேண்டுமென்றால் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய நெய்யாத வெள்ளைத் துணியால் மூடுங்கள்; ஒளியும் காற்றும் உள்ளே போகும், உள்ளே ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். கிடைக்காவிட்டால் பழைய பருத்தி விரிப்பு போதும். அது ஒளியை மறைக்கும் என்பதால் காலையில் எடுத்துவிட வேண்டும். சுவரோரக் கொடி மூன்று ஆண்டு ஆகிவிட்டது. மைனஸ் 5-க்குக் கீழே போகும் இரவுகளில் மட்டும் மூடினால் போதும். தொட்டிக்கொடிக்கு உறைபனி இரவுகள் எல்லாவற்றிலும் மூடுங்கள். நாள்கணக்கில் மூடியே வைத்திருக்காதீர்கள்.

காலை வெயில் நேராக விழும் இடமாக இருந்தால் ஒரு சிறு கவனம். இரவில் உறைந்த இலை மெதுவாக இளகினால் தாங்கிக்கொள்ளும். விடிந்ததும் வெயில் பட்டு வேகமாக இளகினால் காயப்படலாம். கடும் உறைபனிக்கு மறுநாள் காலை, துணியை எடுக்க ஒன்றிரண்டு மணி நேரம் தாமதியுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பது நான்கில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. வெளியே குளிரில் ஒன்றை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க மனம் வராது. ஆனால் கொடி இப்போது குளிருக்குத் தயாராகி நிற்கிறது. பகல் குறுகக் குறுக, குளிர் ஏற ஏற, வாரக்கணக்கில் அது தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. உறைந்தாலும் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே உருவாகும்படி பார்த்துக்கொள்கிறது. இந்தத் தயாரிப்பு உருவாக வாரங்கள் ஆகும். கலைய ஒரு சில வெப்பமான நாள்கள் போதும். சூடாக்கப்பட்ட அறையில் ஒரு வாரம் வைத்துவிட்டுத் திரும்ப வெளியே வைத்தால், முன்பு எளிதாகத் தாங்கிய குளிரே அதைக் கொன்றுவிடும். வெளியே வைக்காமல் அறையிலேயே விட்டாலும் நன்மையில்லை. வெப்பம் இருக்கிறது, ஒளி இல்லை. வெளிறிய நீண்ட தண்டுகள் கிளம்பும், உலர்ந்த காற்றில் சிலந்திப்பேன் பெருகும், இலைகள் கொத்துக்கொத்தாக உதிரும்.

மைனஸ் 10-க்குக் கீழே வாரக்கணக்கில் போகும் இடத்தில் நீங்கள் இருந்தால், தொட்டியை உள்ளே எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் சூடாக்கப்படாத, ஆனால் வெளிச்சமான இடம் தேடுங்கள். கண்ணாடி அடைத்த முகப்பு, ஜன்னல் உள்ள மாடிப்படி, ஜன்னலோடு கூடிய கார் நிறுத்தும் அறை. 3 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருந்தால் அருமை. பசுமை மாறாத செடிக்குக் குளிர்காலத்திலும் ஒளி வேண்டும், இருட்டறை ஆகாது. உள்ளே வைத்தால் வசந்தம்வரை உள்ளேயே இருக்கட்டும். குளிர் வந்தால் உள்ளே, வெயில் வந்தால் வெளியே என்று அலைக்கழிக்க வேண்டாம்.

உரம் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இப்போது வைக்கும் உரத்தை வேர் எடுக்காது. எடுத்தால் அது இன்னும் கெடுதல். தழைச்சத்து மென்மையான கொழுந்துகளைக் கிளப்பும், அவைதான் முதலில் கருகும். கோடையின் கடைசியிலேயே தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தச் சமயத்தில் சாம்பல்சத்து மிகுந்த உரம் ஒருமுறை கொடுத்தால் தண்டு முற்றி உறுதியாகும்.

வெட்டுவதும் இப்போது கூடாது. இந்தக் கொடி முந்தைய ஆண்டு வளர்ந்த தண்டுகளிலிருந்து பக்கக் கிளைகள் விட்டு, அவற்றில்தான் பூக்கிறது. குளிர்காலத்தில் வெட்டுகிற ஒவ்வொரு கொப்பும் வரும் கோடையின் பூங்கொத்து. அதோடு, வெட்டினால் துளிர்க்கத் தூண்டப்படும். அந்தத் துளிர் உறைபனியில் சிக்கும். கவாத்துக்கு உரிய நேரம் பூத்து முடிந்த உடனே. அப்போது வெட்டினால் மீதிக் கோடை முழுவதும் புதுத் தண்டு வளர்ந்து முற்றி, அடுத்த ஆண்டுக்குத் தயாராக நேரம் கிடைக்கும். இப்போது காற்றில் முறிந்த கொப்பு இருந்தால் அதை மட்டும் எடுங்கள். எப்போது வெட்டினாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

பனி கொட்டி கொடியின்மேல் குவிந்தால், அது மெல்லியதாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள். பனிப்போர்வையும் ஒரு காப்புதான். கனத்துக் கொழுகொம்பு வளையத் தொடங்கினால், கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டி உதிர்த்துவிடுங்கள். உறைந்து கட்டியானதைப் பிய்த்து எடுக்கக் கூடாது, தண்டும் சேர்ந்து முறியும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, வெளியில் நிற்கும் கொடிக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம். ஆனாலும் மாதம் ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புச் சிப்பிபோல் ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. இலைமேல் கரி பூசியதுபோல் இருந்தால் அது இவற்றின் கழிவில் வளரும் பூசணம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் வசந்தத்தில் மருந்து அடிக்கும் தேவை வராது.

ஒருவேளை எல்லாம் செய்தும் கொடி பழுப்பாகிப்போனால், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உயிரோடு இருந்த எத்தனையோ கொடிகள் இந்த அவசரத்தால் குப்பைக்குப் போயிருக்கின்றன. தண்டில் நகத்தால் பட்டையைச் சற்றே கீறிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் ஒரு சாண் கீழே இறங்கிக் கீறுங்கள். இப்படிக் கீழே கீழே போய்ப் பச்சை தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கண்டுபிடித்ததும் வெட்டாதீர்கள். மேலே செத்ததுபோல் தெரியும் தண்டும் காய்ந்த இலைகளும் உள்ளே உள்ள உயிருள்ள பகுதிக்கு ஒரு மறைப்பு. கடைசி உறைபனி கடந்து, கணுக்களில் துளிர் தெளிவாகத் தெரிந்த பிறகு, அந்தத் துளிருக்கு மேலே வெட்டுங்கள். முழுக்கக் கருகிய கொடியும் அடியிலிருந்து கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். கோடையின் நடுவரை பொறுத்திருந்து, அப்போதும் அசைவில்லை என்றால்தான் கைவிட வேண்டும்.

வேறு பசுமை மாறாத கொடிகளும் உங்களிடம் இருக்கலாம் என்பதால் சில சொற்கள். ஆர்மாண்டி கிளமட்டிஸ் குளிரை ஓரளவு தாங்கும், ஆனால் காற்றைத் தாங்காது. அதன் நீண்ட இலைகள் காற்றில் ஓரம் கிழிந்து கருகும். வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூப்பதால் அதன் கவாத்தும் பூ முடிந்த உடனே. முன்பு சொன்ன பாலியாந்தம் மல்லிகையைக் குளிர்ந்த, ஒளியுள்ள அறையில் உறைபனி படாமல் வைக்க வேண்டும். மொட்டுக் கட்டுவதற்கு இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் அதற்குத் தேவை, அதனால் அதைச் சீக்கிரமே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா குளிரில் இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். உறைபனி இல்லாத இடத்தில், ஏறக்குறைய உலர்ந்த மண்ணில் அதை விட்டுவிட்டால் வசந்தத்தில் எழுந்துவரும். மாண்டெவில்லா இவற்றில் மிகவும் மெலிந்தது, 10 டிகிரிக்குக் கீழே அதை விடக் கூடாது.

உங்கள் தொட்டிக்கொடிக்குத் திரும்புகிறேன். இன்று முற்பகலில் வெளியே போய்த் தொட்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கனம் பாருங்கள். இலேசாக இருந்தால் தண்ணீர். பிறகு சுவரோடு ஒட்டி நகர்த்தி, மரத்துண்டுகளின் மேல் ஏற்றி, பக்கங்களைச் சுற்றிக் கட்டுங்கள். காற்று வரும் பக்கத்தில் வலை. அவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை. சிவந்த இலைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

வசந்தத்தில் ஓர் இடறல் மட்டும் மீதமிருக்கிறது. வெப்பமான இரண்டு வாரங்கள் வந்து, கொடி துளிர்த்துவிட்ட பிறகு, திடீரென்று ஓர் உறைபனி இரவு வரும். குளிர்காலம் முழுவதும் தாங்கிய கொடி அந்த ஓர் இரவில் தன் கொழுந்துகள் அனைத்தையும் இழக்கலாம், ஏனென்றால் அப்போது அது தயாராக இருப்பதில்லை. எனவே துணியை எடுத்து மடித்து உள்ளே வைக்க அவசரப்படாதீர்கள், கதவருகிலேயே இருக்கட்டும். கொழுந்து கருகினாலும் அதற்குக் கீழ்க் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆனால் அந்த ஆண்டு பூ குறைவாக இருக்கும். துளிர்கள் ஒரு விரல் நீளம் வளர்ந்து உறைபனிப் பயமும் நீங்கிய பிறகு, முதல் உரத்தை அப்போது வையுங்கள்.